அடைத்த அறையின் மேல் மழை

எங்கள் வீட்டில் ஓர் அறைக்கு மட்டும் கூரை மாற்றவில்லை. அந்த ஓர் அறையைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தோம். இப்போது சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு வீட்டில் இருந்த அத்தனை பேரும், கூரை போட வந்தவர்கள் உட்பட, அதைத்தான் சரி என்றோம்.

அப்பா ஆவணியில் இறந்தார். நான் இரவு ஷிப்டு முடித்து வந்து தூங்கி எழுந்து, மத்தியானம் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். பதில் இல்லை. காது மந்தம் என்று நினைத்து உள்ளே போய்த் தோளைத் தொட்டேன். அம்மா அப்போது வாலாஜாபாத்தில் இருந்தாள். தங்கைக்கு இரண்டாவது பிரசவம், நிறைமாதம். அவளுடைய மூத்த பெண்ணைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அம்மா போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

பஞ்சாங்கம் பார்ப்பவர் வந்து விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டு, நட்சத்திரம் ஆகாது, ஆறு மாதம் அடைப்பு என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் அடைப்பு என்றால், உடலை வாசல் வழியாக எடுக்கக் கூடாது. உயிர் பிரிந்த அறையின் சுவரை இடித்து, அந்த வழியாக வெளியே கொண்டுவந்து, பிறகு ஓட்டையைப் பூசிவிட வேண்டும். அறைக் கதவைப் பூட்டிவிட்டு, தினமும் பொழுது சாய்ந்ததும் கதவுக்கு வெளியே விளக்கு வைக்க வேண்டும். கெடு முடிவதற்குள் திறந்தால் அதே குடும்பத்தில் இன்னோர் உயிரைக் கேட்கும் என்பார்கள். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கடப்பாரையைத் தானே எடுத்து முதல் இடி இடித்தார். அழுதுகொண்டே இடித்தார்.

அம்மா பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது அப்பா பந்தலுக்குக் கீழே இருந்தார். குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, நெற்றியில் காசு வைத்து, தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். அவரைப் போலவே இல்லை. அம்மா முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, “எங்க படுத்துக்கினு இருந்தாரு?” என்றாள். சித்தப்பா பூட்டிய கதவைக் காட்டினார். அவள் எழுந்து போய் இரண்டு கையையும் கதவில் வைத்துக்கொண்டு நின்றாள். பெண்கள் வந்து இழுத்துப் போனார்கள்.

கருமாதி முடிந்த பிறகு ஒரு நாள், அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, அப்பா கடைசியாக எப்படி இருந்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

“சொல்லாத நைனா. நீ சொன்னா நீ சொன்னதுதான் கண்ணுல நிக்கும். நானே பாத்துக்கறேன். எல்லாம் அப்டியேதான கீது?”

“அப்டியேதான் கீது மா. யாரும் கை வெக்கல.”

“படுக்கையும்?”

“படுக்கையும்.”

“அத்த நாந்தான் மடிக்கணும்” என்றாள்.

அப்பா வாழ்நாளில் ஒரு நாளும் தன் படுக்கையை மடித்ததில்லை. எழுந்தால் போர்வை ஒரு பக்கம், தலையணை ஒரு பக்கம், அப்படியே விட்டுவிட்டு வேப்பங்குச்சி ஒடிக்கப் போய்விடுவார். அம்மா திட்டிக்கொண்டே உதறி மடிப்பாள். கல்யாணமான நாள் முதல் இது நடந்தது. அந்தக் கடைசிப் படுக்கை மட்டும் மடிக்காமல் கதவுக்குப் பின்னால் கிடந்தது. மாசியில் அடைப்பு எடுத்ததும் உள்ளே போய், அவர் விட்டுப் போன கோலத்தைப் பார்த்து, தன் கையால் மடித்து வைக்க வேண்டும். அம்மாவுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. தினமும் விளக்கு வைக்கும்போது கதவில் உள்ளங்கையை ஒரு தரம் வைப்பாள். மாசி வரட்டும், மாசி வரட்டும் என்பாள். அவள் சாப்பிட்டது தூங்கியது எல்லாம் அந்த மாசிக்காகத்தான் என்று எனக்குத் தோன்றும்.

புரட்டாசியிலேயே மழை ஆரம்பித்துவிட்டது. எங்களுடையது மண் சுவர், நாட்டு ஓடு. ஓட்டைத் தாங்கும் பனங்கை எல்லாம் கறையான் தின்று உள்ளே மாவாக இருந்தது. ஒரு நாள் அடுப்படிக்கு மேலே ஒரு பனங்கை முறிந்து, ஓடுகள் என் மனைவிக்குப் பக்கத்தில் வந்து விழுந்தன. குழம்புச் சட்டி உடைந்தது. “அத்தே, இன்னொரு மழைக்கு இது தாங்காது. நான் புள்ளைங்கள இட்டுக்கினு எங்கம்மா வூட்டுக்குப் போறேன்” என்றாள். மிரட்டல் இல்லை, பயம். சாவு நடந்த வருஷத்தில் வீட்டு வேலை செய்யலாமா என்று உறவில் நாலு பேர் முனகினார்கள். மண் சுவர் நனைந்தால் மொத்த வீடும் உட்கார்ந்துவிடும். முனகியவர்களில் ஒருவரும் எங்களைக் கூட்டிப் போய் வைத்துக்கொள்ளப் போவதில்லை. ஓடுகளைப் பிரித்துவிட்டு, இரும்புப் பைப்பு போட்டு, கலர் ஷீட்டு போடுவது என்று முடிவு செய்தேன்.

அப்பாவின் அறை வீட்டின் பின்பக்கம், முதுகோடு ஒட்டிக் கட்டியது. வீட்டுக் கூரையைவிடத் தாழ்ந்தது. பெரிய கூரையின் பின்சரிவு முடியும் இடத்துக்கு நேர் கீழே அந்த அறையின் ஓடு ஆரம்பிக்கும். அதை என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது சித்தப்பா ஒரே வார்த்தையில் முடித்தார்.

“கூரயப் பிரிச்சாலும் தொறந்த மாரிதான். அத்தத் தொடாத.”

உத்திரமேரூரிலிருந்து வந்திருந்த வெல்டிங்காரருக்கு இதைக் கேட்டதும் மூச்சு வந்தது. அவருடைய ஆட்கள் ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தார்களாம், அடைப்புப் போட்ட ரூம் மேல காலு வெக்க மாட்டோம் என்று. அம்மாவும் வேண்டாம் என்றாள். அவள் பயம் வேறு. ஆட்கள் ஏறினால் மண்ணும் ஓட்டுத் துண்டும் படுக்கை மேல் விழும், அவர் விட்டுப் போனது கலைந்துவிடும். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. அந்த அறைக்கு மேலே ஒரு காக்கை உட்கார்ந்தால்கூட நாங்கள் விரட்டினோம். மேலே இருந்து தண்ணீர் எப்படி வரும் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

ஐப்பசியில் நாலு நாள் வெயில் அடித்தது. ஆட்கள் ஏறினார்கள். பழைய ஓடுகள் சரசரவென்று இறங்கின. சாமான்களை மாட்டுக் கொட்டகையிலும், மீதியைத் தார்ப்பாய் மூடி முற்றத்திலும் வைத்தோம். பின்சரிவுக்கு ஷீட்டு போட்டு முடித்த அன்று வீடே வெளிச்சமாக இருந்தது. பச்சை நிறம். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். என் மனைவி போனில் மேகப் படத்தைக் காட்டி, சாயங்காலத்துக்குள் மழை என்றாள். வெல்டிங்காரர் அண்ணாந்து பார்த்து, “இன்னிக்கு வராது மேடம், காத்து மாறிப்போச்சி” என்று சொல்லிவிட்டு ஆட்களோடு டீ குடிக்கப் போனார். அவர் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார், ஏரிப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்துவிட்டது.

முதல் பத்து நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஷீட்டு மேல் மழை விழும் சத்தத்தில் பேசினால் காது கேட்கவில்லை. கூடத்தில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. முன்பக்கம் இன்னும் போடாத இடத்தை மட்டும் தார்ப்பாய் கட்டி மூடினோம். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. குடத்தைக் கவிழ்த்த மாதிரி, ஆனால் நிற்காமல்.

பின்பக்கம் ஓடினேன். நாட்டு ஓட்டில் மழை தேங்கித் தேங்கி இறங்கும். பாதியை ஓடே குடித்துவிடும். ஷீட்டில் அப்படி இல்லை. சரிவு முழுக்க விழுந்த மழை ஒட்டுமொத்தமாக வழுக்கிக்கொண்டு வந்து அப்பாவின் அறை மேல் கொட்டியது. கறையான் அரித்த பனங்கைகள், அதன் மேல் பழைய ஓடு, அதன் மேல் இந்தத் தண்ணீர். இவ்வளவு பேர் கூடி, இவ்வளவு பயந்து, கையைக்கூட வைக்காமல், அந்த அறையின் தலையில் நாங்களே தண்ணீரைத் திருப்பிவிட்டிருந்தோம்.

மீந்திருந்த ஒரு ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நானும் என் மனைவியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, பெரிய கூரையின் விளிம்புக்குக் கீழே சாய்த்து, தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளப் பார்த்தோம். கொஞ்சம் போனது. கை கடுத்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் ஷீட்டு எங்களையே தூக்கியது. “புடிங்க, வுடாதீங்க” என்று அவள் கத்துகிறாள், அவள் வாயில் மழை. ஒரு காற்றில் ஷீட்டு திரும்பி அவள் மணிக்கட்டைக் கிழித்தது. போட்டுவிட்டு ஓடினோம்.

உள்ளே அம்மா அறைக் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். காதைக் கதவில் வைத்திருந்தாள்.

“ஒயுகுது நைனா” என்றாள். “கட்டில் பக்கம்தான் கேக்குது.”

நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தேன். பூட்டை உடைத்து, படுக்கையைக் கட்டிலோடு அப்படியே தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம், ஐந்து நிமிஷ வேலை. சித்தப்பா கதவை மறித்துக்கொண்டு நின்றார். அவரும் நனைந்திருந்தார்.

“தள்ளு சித்தப்பா.”

“கொயந்தைய நெனச்சிப் பாத்தியாடா நீ?”

தங்கைக்கு அப்பா போன பத்தாம் நாள் ஆண் குழந்தை பிறந்திருந்தது. குறைமாதம் இல்லை, ஆனாலும் எடை போதவில்லை, கண்ணாடிப் பெட்டியில் வைத்து எடுத்த குழந்தை. அப்போதும் அடிக்கடி மூச்சு இரைத்தது. எனக்கு இந்த நட்சத்திரம், அடைப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. வேறு எந்த நாளாக இருந்தாலும் சித்தப்பாவைத் தூக்கி ஓரமாக வைத்திருப்பேன். ஆனால் குழந்தை என்று அவர் சொன்னதும் என் கை நின்றுவிட்டது. திறந்த பிறகு அதற்கு ஏதாவது ஆனால், நம்பிக்கை இல்லாதவன் என்று சொல்லிக்கொண்டு நான் தங்கை முகத்தில் விழிக்க முடியாது. அந்தக் கோபத்தில் சித்தப்பாவைக் கண்டபடி பேசினேன். அவர் நகராமல் நின்றார்.

“அம்மா, நீ சொல்லு. நீ சொன்னா தொறக்கறேன்.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. கதவைத்தான் பார்த்தாள். உள்ளே இப்போது சொட்டும் சத்தம் இல்லை, ஊற்றும் சத்தம்.

“வேணாம் வுடு” என்றாள். “கொயந்த கீது.”

சொன்ன பிறகுதான் அழுதாள். ஓசையே இல்லாமல், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். தன் புருஷனின் படுக்கை நனையும் சத்தத்தை ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவளை நான் பார்த்தேன். அதைவிடப் பெரிய துக்கத்தை நான் இதுவரை பார்க்கவில்லை, அப்பாவின் சாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே தடதடவென்று விழுந்தது. கதவின் அடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. பனங்கை முறிந்து ஓடுகள் உள்ளே இறங்கிவிட்டன என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இனி மேலேயிருந்து மூடுவதைத் தவிர வழி இல்லை. தார்ப்பாய்கள் முன்பக்கமும் சாமான்கள் மேலும் இருந்தன, அதற்குக் கீழே வருஷத்து நெல். சித்தப்பாதான் கொட்டகைக்கு ஓடி, சுருட்டி வைத்திருந்த ஒரு ஃப்ளெக்ஸ் பேனரை இழுத்துக்கொண்டு வந்தார். அப்பா இறந்தபோது பஸ் நிறுத்தத்தில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனர். யாரோ கல்யாணத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி, பின்னால் மேகமும் புறாவும் போட்டிருந்தார்கள். அப்பாவுக்குப் பிடிக்காத சட்டை. அதைக் கையில் வைத்துக்கொண்டு சித்தப்பா தயங்கினார்.

“மூஞ்சி மேல பாத்தா மாரி போட்டா, அண்ணன் நனையுமே.”

“நனையட்டும். இனிமேல அவுருக்கு சளியா புடிக்கப் போவுது?” என்று நான் எரிந்து விழுந்தேன்.

அம்மா பின்வாசலுக்கு வந்திருந்தாள். “கீய பாத்தா மாரி போடு” என்றாள். “அவுரு படுக்கைய அவுரே பாத்துக்கட்டும்.”

ஏணியைச் சாய்த்து ஏறினேன். கூரை இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. முறிந்த பனங்கை ஒன்று கட்டிலின் குறுக்கே கிடந்தது. கட்டிலின் ஒரு கால் மடிந்திருந்தது. போர்வை என்று தெரிந்துகொள்ள ஒரு மூலைதான் மிச்சம், மற்றது எல்லாம் ஓட்டுத் துண்டும் சேறும். தலையணை தண்ணீரில் மிதந்தது.

“இன்னா தெரியுது?” என்று கீழேயிருந்து அம்மா கேட்டாள்.

“இருட்டா கீது மா. ஒண்ணும் தெரில.”

அவள் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு, “சரி, பாத்து எறங்கு” என்றாள்.

பேனரை விரித்து, செங்கல் வைத்து, கம்பியால் இழுத்துக் கட்டினோம். ஒரு நாள் தாங்கியது. அடுத்த மழையில் நடுவில் தண்ணீர் சேர்ந்து தொங்கி, கிழிந்து போனது. வெல்டிங்காரர் வந்து, தலையில் கை வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, பெரிய கூரையின் விளிம்பில் தண்ணீர் வாங்கும் தகரக் கால்வாய் அடித்துக் கொடுத்தார். அதற்குக் கூலி வாங்கவில்லை. கார்த்திகை முழுக்கப் பெய்தது. ஏரி நிரம்பி வழிந்தது என்று ஊரே சந்தோஷப்பட்டது. மானாம்பதி வரைக்கும் வயலெல்லாம் தண்ணீர். அம்மா மட்டும் வழக்கம்போலப் பொழுது சாய்ந்ததும் விளக்கு வைத்தாள். கதவில் உள்ளங்கை வைப்பதை நிறுத்திவிட்டாள். மாசி என்ற வார்த்தையையும் அவள் வாயிலிருந்து பிறகு கேட்கவில்லை. குழந்தை தேறியது. கன்னத்தில் சதை வைத்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் சித்தப்பா என்னை ஓரக்கண்ணால் பார்ப்பார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன்.

மாசியில் ஐயர் வந்து ஹோமம் செய்து தண்ணீர் தெளித்தார். சித்தப்பா பூட்டைத் திறந்தார். கதவு திறக்கவில்லை. உள்ளே சேறு காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. தோள் கொடுத்துத் தள்ளினேன்.

அப்பாவை எடுத்துப்போன இடத்தில் பூசியிருந்த பூச்சு கரைந்து, அந்தச் சுவர் பாதி உள்பக்கம் சரிந்திருந்தது. கட்டில் அதற்கு அடியில். நானும் சித்தப்பாவும் மண்ணை வாரி, நொறுங்கிய கட்டிலை வெளியே இழுத்துப் போட்டோம். போர்வை கையோடு கிழிந்து கிழிந்து வந்தது. மடிக்க ஒன்றும் இல்லை. வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதா, இங்கேயே வைப்பதா என்று தெரியாமல் அந்தக் கிழிசலை வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். மண் வாசனை தவிர வேறு இருந்திருக்காது. கீழே வைத்துவிட்டாள்.

சித்தப்பாவும் ஐயரும் கூடத்துக்குப் போனார்கள். அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம்.

“எப்டி படுத்துக்கினு இருந்தாரு?” என்றாள்.

சொல்ல ஆரம்பித்தேன். தலை எந்தப் பக்கம், கை எங்கே என்று. அவள் கேட்டாள், ஆனால் பிடிபடவில்லை. கட்டில் இல்லை, சுவர் இல்லை, நான் சொல்வதை வைத்துப் பார்க்க அங்கே எதுவும் இல்லை. “படுத்துக் காட்டு” என்றாள்.

கட்டில் கிடந்த இடத்தில், வாரியதுபோக மிச்சமிருந்த மண்ணின் மேல் படுத்தேன். வலது பக்கம் ஒருக்களித்து, ஒரு காலை மடக்கி, கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, கதவைப் பார்த்த மாதிரி. “இப்டியா?” “இப்டித்தான் மா.” “கண்ணு?” “மூடியிருந்துச்சி.” மூடிக்கொண்டேன்.

அவள் பக்கத்தில் உட்காருவது தெரிந்தது. என் தலைமுடியிலிருந்து மண்ணைத் தட்டினாள். தோளைத் தொட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே இரு என்றாள். இருந்தேன். அவளுக்காக அசையாமல் இருக்க வேண்டும் என்று மூச்சை அடக்கிப் பார்த்தேன்.

உடனே தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“போதும். எயுந்துரு நைனா” என்றாள். “நீ எயுந்துரு.”